ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஆறு: ஹட்டன் பக்கம் ஒரு நாள் நடைக்குப் பாதை சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசி

உறவுகளுக்கு வணக்கம். பெப்ரவரியில் அண்ணன் குடும்பம் ஜெர்மனியிலிருந்து வருகிறது. அவர்கள் இருப்பது கோப்லென்ஸ், மோசெல் ஆறு ரைனில் போய்ச் சேருகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், கீழே ஆறு, நடுவில் பாதை. மோசெல்ஸ்டைக் என்று அதற்குப் பேர். 365 கிலோமீட்டர், 24 கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் நடந்துவிட்டு ரயில் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது அண்ணன் கேட்பது இதுதான்: "இலங்கைக்கு வந்தால் நீ வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு இடமாக இறக்கிப் படம் எடுக்க வைக்கிறாய். இந்த முறை நடக்க விடு. தோட்டத்துக்குள் நடக்க வேண்டும், ஆறு பக்கத்தில் வர வேண்டும், மலை உச்சி ஏற வேண்டாம்."

அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ஆனால் நன்றாக நடப்பார். அண்ணிக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு. பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவனுக்கு 13, சின்னவளுக்கு 10. நுவரெலியா, எல்ல, ஓட்டன் சமவெளியில் இருக்கிற உலக முடிவு எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. ஐந்தாறு மணி நேர நடை, மிதமான ஏற்ற இறக்கம் என்றால் சரி. மலையகத்து ஆட்கள் யாராவது ஒரு பாதை சொல்லுங்கள்.

ஊவாக்காரி

அப்புத்தளைக்கு வாருங்கள் அண்ணா. தம்பத்தன்னை தொழிற்சாலையிலிருந்து லிப்டன் இருக்கை என்கிற மலைமுனை வரை தேயிலைக்குள்ளேயே ஏழு கிலோமீட்டர் ஏறலாம். தொழிற்சாலை லிப்டன் 1890இல் கட்டியது, இன்னும் ஓடுகிறது. விடியற்காலையில் போனால் தென்பக்கம் சமவெளி முழுக்கத் தெரியும், பத்து மணிக்கு மேல் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அண்ணிக்கு முடியாவிட்டால் ஆட்டோவில் மேலே போய்விட்டு, இறக்கத்தை மட்டும் நடக்கலாம்.

ஆறு கேட்டால் எங்கள் பக்கம் கொஞ்சம் கஷ்டம்தான். அருவிகள் உண்டு, ஆற்றோரமாக நீளத்துக்கு நடக்கிற மாதிரி இல்லை.

தண்டவாளம்

லிப்டன் இருக்கையில் இப்போது வேன் வரிசைதான் நிற்கிறது. அவர் அண்ணன் எதை வேண்டாம் என்கிறாரோ அதையே சொல்கிறீர்களே தங்கச்சி.

என் யோசனை தலவாக்கலை. ரயிலில் இறங்கினால் ஊர் நடுவிலேயே கொத்மலை ஓயா. சென்கிளேயர் அருவி, டெவன் அருவி இரண்டையும் பார்த்தபடி பத்தனை சந்தி வரைக்கும் நடக்கலாம். டெவன் 97 மீட்டர், தூரத்திலிருந்து பார்த்தாலே கண் நிறையும். அப்புறம் ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. 562 மீட்டர், மலைநாட்டுப் பாதையிலேயே நீளமானது. ரயில் உள்ளே போனதும் பெட்டியில் இருக்கிற பொடியன்கள் போடுகிற கூச்சலைக் கேட்கவே ஒரு முறை போகலாம்.

பொகவந்தலாவை மைந்தன்

தண்டவாளம் அண்ணே, நீங்கள் சொல்கிற பாதை பாதிக்கு மேல் பிரதான வீதி. லொறியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும், பத்து வயதுப் பிள்ளையோடு நடக்கிற இடமா அது? இன்னொன்று, மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் முடிந்த பிறகு தலவாக்கலை அணையிலிருந்து ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய் 150 மெகாவாட் மின்சாரமாகிறது. சென்கிளேயருக்குப் பகலில் அளந்துதான் தண்ணீர் திறக்கிறார்கள். நடக்கிறவனுக்குப் பக்கத்தில் பாதி ஆறுதான் வரும்.

வெள்ளவத்தை அண்ணே, நீங்கள் கேட்கிற நடை எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வரை. ஆற்றின் பெயர் கெசல்கமுவ ஓயா. ஓட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி, எங்கள் ஊரைத் தொட்டு, நோர்வூட் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அதற்குப் பிறகு நோர்ட்டன், லக்ஷபான என்று மின்சாரத்துக்காக மறித்து மறித்து விடுகிறார்கள். கித்துல்கலைப் பக்கம் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்ததும் களனி கங்கை. கொழும்புக்கு அம்பத்தலையில் குடிதண்ணீர் எடுப்பது அந்தக் கங்கையிலிருந்துதான். அண்ணன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆற்றை இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பார்கள்.

இப்போது பீக்கோ பாதை என்று ஒன்று போட்டிருக்கிறார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் காசு கொடுத்துச் செய்தது. உங்கள் அண்ணனின் மோசெல் பாதைக்கு நம் ஊர்த் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வூட் – பொகவந்தலாவை அதில் ஒரு கட்டம். வரைபடத்தை இணையத்தில் எடுக்கலாம்.

பாதையில் எழுதியிருப்பது நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கு. நீங்கள் மாற்றி நடங்கள். நோர்வூட் பள்ளம், பொகவந்தலாவை மேடு. காலையில் பஸ்ஸிலோ வேனிலோ மேலே வந்துவிட்டு ஆறு போகிற திசையிலேயே திரும்பினால் மொத்தத்தில் இறக்கம். நடுநடுவே ஏற்றம் வரும், ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி நீளமாக இல்லை. பாதி தோட்டத்துக் கல் ரோட்டு, பாதி மலைக்குள் போகிற குறுக்கு. ஆறு எப்போதும் காலடியில் ஓடும் என்று நினைக்காதீர்கள். சில இடத்தில் கீழே கயிறு போலத் தெரியும், சில இடத்தில் சத்தம் மட்டும் கேட்கும், பாலங்களில் மட்டும்தான் பக்கத்தில் வரும். ஒரு நாளுக்கு அது போதும்.

தேயிலைத்தூள்

மைந்தன், எல்லாம் சரி. இந்தப் பீக்கோ பாதையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் காசு போட்டு, வெள்ளைக்காரன் நடக்கப் பாதை. பாதை புதிதாக வெட்டினார்களா? இல்லை. நம் தாத்தா பாட்டிமார் கூடை சுமந்து நடந்த ரோட்டுக்குப் பலகை நட்டுப் பேர் வைத்துவிட்டார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சனம் தினம் நடக்கிற பாதை அது. மழைக்காலத்தில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கிறார்கள். அதே சேற்றில் சுற்றுலாப் பயணி நடந்தால் அனுபவம் என்கிறார்கள்.

நடை என்றால் எனக்கு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை போனதுதான் நடை. மலையகத்துக்கு நம் ஆட்கள் வந்து 200 வருஷம் என்று, அவர்கள் வந்த வழியிலேயே நடந்தார்கள்.

பொகவந்தலாவை மைந்தன்

தேயிலைத்தூள் அண்ணே, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று பாருங்கள். பாதை வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் சிலர் வழிகாட்டியாகப் போகிறார்கள், இங்கே ஒரு வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கித் தங்க விடுகிறார்கள், ரொட்டியும் சம்பலும் சுட்டு விற்கிறார்கள். பெரிய காசு இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு கடையில் நாள் முழுக்க நின்று வாங்குவதை விட மேல் என்று ஊரிலேயே இருக்கிறார்கள். சேறு சுற்றுலாப் பயணி கொண்டுவந்ததா? ரோட்டைப் போடாதவனிடம் கேளுங்கள்.

அதனால்தான் வெள்ளவத்தை அண்ணனுக்குச் சொல்கிறேன்: வரைபடம் இருந்தாலும் தோட்டத்துப் பொடியன் ஒருவனைக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மலையில் இன்றைக்கு மருந்து அடிக்கிறார்கள், எந்தப் பாலத்தில் பலகை போய்விட்டது, எந்தக் குறுக்கில் இரவு மண் சரிந்தது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். இன்னொன்று, இது கம்பெனி நிலம். 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்த பிறகு சில இடங்களில் கேட்டும் காவலும் உண்டு. ஊர்ப் பொடியன் கூட வந்தால் காவல்காரர் தலையாட்டிவிட்டுப் போவார். நீங்கள் மட்டும் போனால் நாலு கேள்வி கேட்பார்.

ஊவாக்காரி

தேயிலைத்தூள் அண்ணாவுக்கு ஒன்று. அவர் அண்ணன் பிள்ளைகள் நம் பிள்ளைகள்தானே. அவர்களும் நடந்து பார்க்கட்டும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தையும் பார்க்கட்டும். பார்க்காமல் வேன் கண்ணாடியால் பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் உங்களுக்குச் சந்தோஷமா?

தேயிலைத்தூள்

பார்க்கட்டும். படம் மட்டும் எடுக்காமல் பார்க்கட்டும்.

படப்பெட்டி

என்னைத்தான் இழுக்கிறீர்கள் என்று தெரிகிறது, வருகிறேன்.

பொகவந்தலாவையில் தூய மரியாள் ஆலயம் ஒன்று இருக்கிறது, ஆங்கிலிக்கன் கோயில். அதன் கல்லறைத் தோட்டத்தில்தான் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகி இருக்கிறார். புகைப்பட வரலாற்றில் அவர் பெயர் இல்லாமல் புத்தகமே கிடையாது. விக்டோரியா காலத்துப் பெரிய மனிதர் முகங்களைக் கிட்டத்தில் வைத்து, கொஞ்சம் மங்கலாக எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன, அதனால் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார்கள். 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவில் இறந்தார். இங்கே எடுத்த படங்களில் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அதிலும் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்கள் இருக்கிறார்கள்.

அவர் வந்த நேரம் கோப்பிக்குக் கெட்ட நேரம். 1869இல் இலையில் துரு நோய் விழுந்தது, பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி போயே போய்விட்டது. அதற்கு இரண்டு வருஷம் முந்தித்தான், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அந்த நோய் வராமல் இருந்திருந்தால் இந்த இழையில் நாம் கோப்பித் தோட்டத்துக்குள் எப்படி நடப்பது என்று கதைத்துக்கொண்டிருப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமரன் படத்தில் இருக்கிற நம் ஆட்களுக்குப் பெயர் இல்லை. எடுத்தவருக்குக் கல்லறையில் பெயர் இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் கழித்து நாமும் அதையே செய்கிறோம். படம் எடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், அது என் பிழைப்பு. பெயரைக் கேட்டுவிட்டு எடு, எடுத்ததைக் காட்டு, நம்பர் வாங்கி வட்ஸ்அப்பில் அனுப்பு. இது முடியாது என்றால் மலையை எடு.

பொகவந்தலாவை மைந்தன்

படப்பெட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது வெளியூர் ஆட்களுக்குத் தெரியாது.

கொழுந்து எடுக்கிற அம்மா சும்மா நின்று கதைக்க முடியாது. நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் அது மாறும். அது வராவிட்டால் பல தோட்டங்களில் அரைப் பெயர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். நீங்கள் கூடையோடு நிற்க வைத்து, "கொஞ்சம் சிரிங்கம்மா, கொழுந்தைக் கையில் பிடிங்கம்மா" என்று பத்து நிமிடம் எடுத்தால் அந்தப் பத்து நிமிடம் மடுவத்துத் தராசில் தெரியும். அதிலும் ஈரத்துக்கு என்றும் பைக்கு என்றும் கழித்துவிட்டுத்தான் நிறை எழுதுவார்கள்.

பேசுவதாக இருந்தால் மடுவத்துக்கு நிறுக்க வருகிற நேரத்தில் பேசுங்கள். காலை ஒன்பதரை, பத்து மணிபோல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. இடுப்பில் கட்டியிருக்கிற படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி ஊற்றி, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள். அப்போது போய் "அக்கா, எந்த மலையில வேலை?" என்று கேளுங்கள், அவர்களே உங்களுக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தத் தேத்தண்ணி கடைசித் தரத் தூள். நல்ல தூள் கப்பல் ஏறிவிடும்.

வெள்ளவத்தை வாசி

எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கு இழையை அனுப்பினேன், முழுதையும் வாசித்திருக்கிறார். அவர் எழுதியது: "மோசெலில் பெப்ரவரியில் போனால் திராட்சைக் கொடி வெறும் குச்சியாக நிற்கும், கிளை வெட்டுகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அறுவடை செப்டம்பர், ஒக்டோபர் ஒரு தடவைதான். அங்கே பெப்ரவரியில் தேயிலை எப்படி? வெட்டிப் போட்டிருப்பார்களா?"

பொகவந்தலாவை மைந்தன்

நல்ல கேள்வி. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக இல்லை அண்ணே. ஒரு மலையில் எடுத்துவிட்டுப் போனால் ஒரு வாரம் சொச்சத்தில் திரும்ப அதே மலைக்கு வர வேண்டும். விட்டால் கொழுந்து முற்றிவிடும். வருஷம் முழுக்க அப்படித்தான். எங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் குளிர், பகலில் வெயில், காய்ந்த காற்று. விளைச்சல் குறையும், ருசி கூடும். வருஷத்திலேயே நல்ல தேயிலை அப்போதுதான். ஊவாக்காரி அக்கா பக்கம் இது ஜூலையிலிருந்து செப்டம்பர், கச்சான் காற்று அடிக்கிற காலம். அண்ணன் பெப்ரவரி என்று சொன்னதால்தான் நான் எங்கள் பக்கத்தைச் சொன்னேன். ஜூலை என்று சொல்லியிருந்தால் நானே அப்புத்தளைக்கு அனுப்பியிருப்பேன். மே மாதத்திலிருந்து எங்களுக்கு மழை, குடையும் போதாது.

வெட்டுவதும் உண்டு, கவ்வாத்து என்போம். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். வழியில் ஒரு மலை மட்டும் இலையே இல்லாமல் கருகின மாதிரி நின்றால் பிள்ளைகள் பயப்பட வேண்டாம், அது கவ்வாத்து மலை. அங்கே குனிந்து பாருங்கள், தேயிலைத் தண்டு எவ்வளவு தடிப்பு என்று அப்போதுதான் தெரியும். பாசி பிடித்து, முறுக்கிக்கொண்டு, சிலது உங்கள் தொடைப் பருமன் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள் இன்னும் நிறைய நிற்கின்றன. சரிவில் குறுக்காக ஓடுகிற கானுகளையும் பார்க்கலாம், மழைத் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க வெட்டினது. இலை இருக்கிற மலையில் அந்தக் கானு தெரியாது, காலை வைத்தால் இடுப்பு வரை இறங்கிவிடும். பிள்ளைகளைப் பாதையை விட்டு இறங்க விடாதீர்கள்.

ஹட்டன் தாதி

வேலை நேரத்தில் அடிக்கடி பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், யாரும் பயப்பட வேண்டாம்.

முதலாவது குளவி. மலையகத்துச் செய்தியில் வாரம் தவறாமல் வருவது இதுதான். கூடு பெரும்பாலும் உயர்ந்த மரத்திலும் பாறை இடுக்கிலும் இருக்கும். பருந்து தட்டிவிட்டாலே கலைந்துவிடும். தொழிலாளர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். யாருக்காவது குளவி, தேனீ ஒவ்வாமை இருந்தால் மருந்து கையில் இருக்க வேண்டும். அவசரம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

இரண்டாவது அட்டை. பெப்ரவரியில் குறைவு, ஆனால் ஓடைக்கரையிலும் புல்லிலும் இருக்கும். காலுறைக்கு மேல் சன்லைட் சவுக்காரத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுங்கள், பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், உப்போ சித்தாலேப தைலமோ தொட்டு வைத்தால் தானாக விழும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், அது அட்டையின் குணம். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அழாது.

மூன்றாவது ஆறு. கெசல்கமுவ ஓயாவில் களவாக மாணிக்கக்கல் தோண்டிய குழிகள் இருக்கின்றன. மேலே பார்க்க முழங்கால் தண்ணீர், ஒரு அடி தள்ளி வைத்தால் ஆள் மறைகிற ஆழம். கால் நனைப்பதென்றால் ஊர்ச் சனம் துணி துவைக்கிற இடத்தில் மட்டும்.

அண்ணியின் முழங்காலுக்கு: மைந்தன் தம்பி இறக்கம் நல்லது என்கிறார். மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்கு இறக்கம்தான் கூடாது. கம்பு ஒன்று கட்டாயம் வேண்டும், இரண்டு கையிலும் இருந்தால் இன்னும் நல்லது. பாதி வழியில் பஸ் வீதிக்கு இறங்குகிற இடம் எது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவை மைந்தன்

தாதி அக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. பஸ் வீதி பள்ளத்தாக்கு அடியிலேயே ஆற்றோடு ஓடுகிறது, எந்தத் தோட்டத்திலிருந்தும் கீழே இறங்கினால் அங்கேதான் வந்து சேர வேண்டும். அண்ணிக்கு வலித்தால் அப்படியே ஆட்டோ பிடித்து நோர்வூட்டில் போய் இருக்கலாம்.

தண்டவாளம்

சிறுத்தை பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஹட்டன் தாதி

இருக்கிறது. காட்டு விளிம்பில் தேயிலைக்குள்ளேயே குட்டி போடும். பகலில் நாலைந்து பேராகக் கதைத்துக்கொண்டு போனால் அது உங்களுக்கு முன்பே விலகிவிடும். நமக்கு அதனால் வருவதை விட அதற்கு நம்மால் வருவதுதான் அதிகம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் லக்ஷபான தோட்டத்தில் பன்றிக்குக் கட்டிய கம்பித் தடத்தில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. மீட்டுக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. வழியில் புதருக்குள் கம்பிச் சுருக்கு கண்டால் கை வைக்காமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

மூதூர்க்காரன்

இழையைத் தள்ளி நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூட நடக்கக்கூடியவர்களுக்கு ஒன்று சொல்லலாம் என்று வந்தேன்.

பொகவந்தலாவைக்கு அடுத்த கட்டம் டயகம. அந்த மலை முகட்டைத் தாண்டினால் ஆறு மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் விழுகிற மழை கெசல்கமுவ ஓயாவில் இறங்கி, களனியாகி, கொழும்பு முகத்துவாரத்தில் கடலில் சேரும். அந்தப் பக்கம் விழுவது ஆக்ரா ஓயா வழியாக மகாவலிக்குப் போய், நாட்டையே சுற்றி, எங்கள் கொட்டியார் குடாவில் சேரும். மழை ஒன்று, இரண்டு கடல். எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று பார்க்கத்தான் நான் அங்கே ஏறினேன். முகட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை, காடு, காற்று, ஒரு சாதாரண வளைவு. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளைகளோடு அந்தக் கட்டம் வேண்டாம். நீளம், ஏற்றம், நடுவில் கடை கிடையாது. அண்ணன் மட்டும் அடுத்த நாள் போகட்டும். அதற்கும் அடுத்த கட்டம் ஓட்டன் சமவெளிக்குள் போகிறது, தேசியப் பூங்கா, டிக்கெட் எடுக்க வேண்டும்.

தேயிலைத்தூள்

மூதூர்க்காரரே, நீங்கள் நடந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

வெள்ளவத்தை வாசிக்கு ஒரு விஷயம். பெப்ரவரி என்றாலும் முதல் நாள் கன மழை பெய்திருந்தால் போகாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கும். நுவரெலியா மாவட்டத்துக்கு எந்த நிறம் போட்டிருந்தாலும் வெள்ளவத்தையிலேயே இருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் முழுதாக மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. நீங்கள் ஒரு நாள் தள்ளிப் போடலாம். அந்தச் சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவனால் முடியாது.

வெள்ளவத்தை வாசி

கட்டாயம் பார்த்துத்தான் கிளம்புவோம் அண்ணா.

இப்போதைக்குத் திட்டம் இது. முதல் நாள் ஹட்டனுக்கு ரயில். இரவு அந்தப் பக்கத்திலேயே தங்கல். விடிந்ததும் பொகவந்தலாவை, படப்பெட்டி சொன்ன கோயில், பிறகு மைந்தன் ஏற்பாடு செய்கிற பொடியனோடு நடை. சாப்பாடு வழியில், கட்டிக்கொண்டு போகவில்லை. பின்னேரம் நோர்வூட். அண்ணன் மறுநாள் டயகமவுக்குப் போவேன் என்று நிற்கிறார், அதை அண்ணியிடம் விட்டுவிட்டேன்.

இரண்டு கேள்வி மட்டும். எந்தக் கிழமை நல்லது? ரயில் முன்பதிவு கிடைக்காவிட்டால் பஸ் எப்படி?

தண்டவாளம்

முன்பதிவுச் சீட்டு திறந்த கையோடு போய்விடுகிறது, எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் நின்று வரலாம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். பஸ் என்றால் புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன். அதிலும் ஒரு லாபம், அவிசாவளையிலிருந்தே களனி கங்கை அடிக்கடி பக்கத்தில் வரும். மறுநாள் நடக்கப் போகிற ஆற்றைக் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டே வரலாம். இடது பக்க ஜன்னலா வலது பக்கமா என்று சண்டை வரும், இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரியும்.

பொகவந்தலாவை மைந்தன்

கிழமைக்கு: சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை மூன்றும் வேண்டாம். டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை பருவகாலம், அந்த நாட்களில் ஹட்டன் டவுனில் கால் வைக்க இடம் இருக்காது, தங்க அறையும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலையும் இருக்காது, மடுவம் பூட்டிக் கிடக்கும். செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். பொடியன் என் பெரியம்மா மகன், ஏ.எல். (உயர்தரம்) பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான். ஜெர்மன் தெரியாது, நன்றாகக் கதைப்பான். காசு அவனிடமே பேசிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரவில்லை.

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று முதல் நாளே சொன்னால் போதும். ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, முட்டைக் குழம்பு. சின்னவளுக்கு உறைப்பு எப்படி?

வெள்ளவத்தை வாசி

சின்னவள் தின்பாள். பெரியவனுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வரும். அவனுக்குச் சீனிச் சம்பல் இருந்தால் நல்லது.

பொகவந்தலாவை மைந்தன்

சரி, சொல்லி வைக்கிறேன். ஆளுக்கொரு மழைக்கோட்டும் எடுத்து வாருங்கள், பெப்ரவரியிலும் பின்னேரம் தூறும்.